திருவட்டாற்றில் ஒரு வெளிநாட்டுக்காரி

அப்பா இருபது வருடங்களுக்கு மேல் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். 2004-இல் ஓய்வு பெற்றார். அவர் உத்தியோகத்தை விட்டாரே தவிர, உத்தியோகம் அவரை விடவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தன் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், "அங்க எந்தப் பக்கம்? சொந்த வீடா, வாடகையா? வந்து எத்தனை வருஷமாச்சு?" என்று விசாரணை தொடங்கிவிடும். பிரதமன் பாயசம் வருவதற்குள் அந்த மனிதரின் மூன்று தலைமுறையும் இலைக்கு வந்துவிடும்.

வேலையில் இருந்த காலத்தில், இருப்பிடச் சான்று கேட்டு யார் வந்தாலும் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்காமல் எழுத மாட்டார். போனால் முதலில் அடுக்களையைத்தான் எட்டிப் பார்ப்பார். அடுப்பு எரிந்தால் குடியிருக்கிற வீடு, எரியாவிட்டால் சந்தேகம். "கதவு பொய் சொல்லும், அடுப்பு சொல்லாது" என்பது அவருடைய கொள்கை. 'மேற்படி நபர் மேற்படி கிராமத்தில் நிரந்தரமாக வசித்து வருகிறார்' என்ற வாக்கியத்தை வாழ்நாளில் அவர் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பாரோ தெரியாது.

இப்படிப்பட்ட மனிதருக்கு நான் பெற்றுக் கொடுத்த முதல் பேத்தி ஒரு வெளிநாட்டுப் பிரஜை.

நாங்கள் திட்டம் போட்டுச் செய்ததல்ல அது. என்னைக் கட்டியவர் ஆரல்வாய்மொழிக்காரர். படிப்பு முடிந்ததிலிருந்து காற்றாலைக் கோபுரங்களில் ஏறி இறங்குவதுதான் வேலை. நியூசிலாந்தில் அதே வேலைக்கு ஆள் தேடினார்கள். போனார். கல்யாணம் முடிந்து நானும் போனேன். அந்த நாடு எப்படி இருக்கிறது என்று ஊரில் யார் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஆரல்வாய்மொழி மாதிரிதான். ஆடு ஜாஸ்தி." நான் முதல்நாள் அங்கே போய் இறங்கியபோது காற்றில் என் சேலைத் தலைப்பு தலைக்கு மேலே பறந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருடத்தில் எங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. அப்பாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நிரந்தரமா வசிக்கலாம்னு எழுதித் தந்திருக்காவ அப்பா."

"நேர்ல வந்து பாத்தானா?"

"யாரு?"

"எழுதித் தந்தவன்."

"இல்ல, எல்லாம் தபால்லதான்."

"வீட்டைப் பாக்காம நிரந்தரம்னு எப்பிடி எழுதுவான்?" அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. "நாளைக்கே நீங்க பொட்டியக் கட்டிட்டு இஞ்ச வந்துட்டா, எழுதினவனுக்கு மெமோ வராதா?"

முகம் தெரியாத ஒரு நியூசிலாந்து அதிகாரிக்காக அவர் அன்று மதியம் முழுவதும் கவலைப்பட்டதாக அம்மா பிறகு சொன்னாள்.

அடுத்த ஆடி மாதம் மகள் பிறந்தாள். அங்கே அது நடுங்குகிற குளிர்காலம். அதற்குச் சில வருடங்களுக்கு முன்புவரை அந்த நாட்டு மண்ணில் யார் பிறந்தாலும் பிரஜைதானாம். பிறகு சட்டத்தை மாற்றி, பெற்றோரில் ஒருவருக்காவது நிரந்தர வசிப்புரிமை இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். எங்கள் இருவருக்குமே இருந்தது. ஆக, அழுதுகொண்டு வெளியே வந்த நிமிஷத்திலேயே அவள் அந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள். பிறப்புச் சான்றிதழ் வந்தபோது அதிலேயே அச்சிட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுத் தொட்டிலை எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, இந்த வீட்டுல இவ ஒருத்திதான் சொந்தக்காரி. நாம ரெண்டுபேரும் வந்தேறிகளாக்கும். இனி சத்தம் போட்டுப் பேசாத."

இந்தியத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பதிந்து, அவளை இந்தியப் பிரஜையாக்கவும் வழி இருந்தது. ஆனால் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லையென்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள இந்தியா விடாது. அவளை இந்தியப் பிரஜையாக்கினால், பிறந்த ஊருக்கே விசா ஒட்டிக்கொண்டு திரும்ப வேண்டிவருமோ என்று எங்களுக்குப் பயம். பேசிப் பேசி, கடைசியில் பிறந்த நாட்டுப் பாஸ்போர்ட்டே போதுமென்று முடிவு செய்தோம். அதற்குப் படம் எடுத்ததுதான் பெரும்பாடு. கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், தாங்குகிறவர் கை தெரியக்கூடாது என்று விதி. என் வீட்டுக்காரர் தலையோடு ஒரு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியாக மாறினார். நாற்காலி தும்மியது. பிள்ளை வீறிட்டது. படத்தில் அவள் கண்கள் திறந்துதான் இருக்கின்றன, ஏதோ கொலையைப் பார்த்துவிட்ட மாதிரி.

அந்தப் பாஸ்போர்ட்டில் இந்தியாவுக்கு வர விசா விண்ணப்பம் போட்டோம். அவள் ராணுவத்திலோ காவல்துறையிலோ பணியாற்றியிருக்கிறாளா என்று அதில் கேட்டிருந்தது. இல்லையென்று போட்டோம். கையெழுத்துக்குப் பெருவிரலில் மை தேய்த்து அழுத்தினோம். மை தேய்த்த விரல் அடுத்த நிமிஷம் வாய்க்குள் போனது.

அப்பாவுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்லும் பொறுப்பை நான் மாப்பிள்ளையிடம் தள்ளிவிட்டேன். மாமனார் மாப்பிள்ளையை ஏச மாட்டார் என்று ஒரு கணக்கு.

"மாமா, பிள்ளை இங்க பிறந்ததால இந்த நாட்டுப் பிரஜை."

"நீங்க ரெண்டுபேரும்?"

"நாங்க இந்தியாதான்."

"ரெண்டு தேங்காயப் போட்டா முளைக்கது தென்னைதான மருமவனே? பனை எப்பிடி வரும்?"

என் வீட்டுக்காரர், "இங்கன காத்து அப்பிடி மாமா" என்றார்.

மறுமுனையில் போன் அம்மா கைக்கு மாறிவிட்டது.

டிசம்பரில் நானும் மகளும் ஊருக்கு வந்தோம். அவளுக்கு ஐந்து மாதம். ஆறாம் மாதம் திருவட்டாறு கோயிலில் வைத்துச் சோறு ஊட்ட வேண்டும் என்பது அம்மாவின் நேர்ச்சை. என் வீட்டுக்காரர் ஏதோ ஒரு பெரிய இயந்திரப் பயிற்சிக்காக வேறு ஊரில் தங்க வேண்டியிருந்ததால், நான் ஆறேழு மாதம் அம்மாவோடு இருப்பது என்று ஏற்பாடு. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எனக்கு ஒரு நொடியில் முத்திரை குத்திவிட்டு, மகளின் பாஸ்போர்ட்டை மட்டும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். வெளியே அப்பா நின்றிருந்தார். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். தோளில் போட்ட பிள்ளையைத் திருவட்டாறு வந்து சேரும்வரை இறக்கவில்லை. பாஸ்போர்ட்டை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எந்தக் காகிதத்தைக் கண்டாலும் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்தையும் படிக்கிற மனிதர், அந்தக் கறுப்புப் புத்தகம் மேசைமேல் கிடந்தால் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார். அவரைப் பொறுத்தவரை அது தவறான முகவரிக்கு வந்த தபால்.

அம்மாதான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"பிள்ளை வெளிநாட்டுல பொறந்துட்டாளேன்னு இப்பிடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியளே, நீங்க எங்க பொறந்திய? திருவிதாங்கூர் மகாராஜா நாட்டுலல்லியா? உங்களுக்கு ஆரு விசா தந்தா?"

அது உண்மைதான். அப்பா பிறந்தபோது சுதந்திரம் வரவில்லை. எங்கள் ஊர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று, பிறகு மதராஸ், பிறகு தமிழ்நாடு. அப்பா முதல் வகுப்பில் படித்தது மலையாளம்.

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இருந்த இடத்துலதான் இருந்தேனாக்கும். நாடுதான் நகந்துச்சு" என்றார்.

சோறூட்டுக்குப் போனபோது ஒரு சின்னக் குழப்பம். கோயிலில் பூசை செய்யும் போற்றி பிள்ளையின் நட்சத்திரத்தைக் கேட்டார். அப்பா "அசுவதி" என்றார். நான் "ரேவதி" என்றேன். அவள் பிறந்தது அங்கே செவ்வாய்க்கிழமை அதிகாலை. நம் ஊரில் அப்போது திங்கள் இரவுச் சாப்பாட்டு நேரம். நான் மணியை மாற்றிக் கணித்து வைத்திருந்தேன். பிள்ளையின் நாட்டை ஒப்புக்கொள்ளாத அப்பா, விசித்திரமாக, அந்த நாட்டுக் கடிகாரத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமைக்குப் பஞ்சாங்கம் பார்த்திருந்தார்.

"நேரம் ரெண்டா இருக்கட்டும், சந்திரன் ஒண்ணுதானே? ரேவதிதான்" என்று போற்றி என் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அப்பாவுக்கு அப்போதும் சமாதானமில்லை. குரலைத் தாழ்த்தி, "போற்றி, ஒரு காரியம். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வேற நாடு. உள்ள கொண்டு போவதுல தடை ஒண்ணும்..." என்று இழுத்தார். போற்றிக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பிள்ளைகள் வரிசையில் அழுதுகொண்டிருந்தன. "பிள்ளைக்குப் பசி இருக்கா, இல்லியா? அதச் சொல்லும்" என்றார் அவர். பசி இருந்தது. உப்பில்லாத அந்தச் சோற்றை அவள் சப்புக்கொட்டித் தின்று, போற்றியின் விரலையும் கடித்தாள்.

சித்திரையில் அம்மா மழை பெய்த முற்றத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு. வீட்டுவேலை முழுவதும் என் தலையில். அப்பா தன் பங்குக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டார் என்றால், மடியில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார்; அவள் அதைத் தின்பாள். இந்த அமளியில் நாள் போனதே தெரியவில்லை.

அப்படி ஒரு முற்பகலில்தான் வாசலில் பைக் வந்து நின்றது. மடிப்புக் கலையாத சட்டை, கையில் தோல் பை. நாற்பது வயதிருக்கும். போலீஸ்காரர் என்பது பழுப்பு ஷூவிலேயே தெரிந்தது. நான் அடுக்களை ஜன்னலில் நின்றேன். பேச்சு காதில் விழுந்தது.

"சார், இந்த அட்ரஸ்ல ஒரு ஃபாரினர் தங்கியிருக்கதா தகவல்."

"இஞ்ச ஃபாரினர் ஆரும் இல்ல" என்றார் அப்பா.

"லேடி சார். நியூசிலாந்து."

"இல்லேன்னு சொன்னேன்லா."

"டிசம்பர்ல திருவனந்தபுரத்துல இறங்கியிருக்காங்க. தங்குற இடம்னு இந்த வீட்டு நம்பர்தான் போட்டிருக்கு."

"கோயிலப் பாக்க வந்திருப்பா. பாத்துட்டுப் போயிருப்பா. வெள்ளைக்காரிக்கு எனக்க வீட்டுல என்ன சோலி?"

போலீஸ்காரரின் குரல் மாறியது. "சார், வெளிநாட்டுக்காரங்களை வீட்டுல வச்சிட்டு இல்லேன்னு சொல்லுறது குற்றம். தெரியும்லா?"

இனி தாமதித்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. தொட்டிலில் கிடந்த வெளிநாட்டுக்காரியை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். இடுப்பில் ஒரு அரைஞாண் கயிறு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. வேறு உடுப்பு ஒன்றும் இல்லை. மே மாதப் புழுக்கம்.

"நீங்க தேடுறவங்க இவதான் சார்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த துண்டுக் காகிதம் ஒன்றை எடுத்து, வருத்தத்தோடு திரும்ப வைத்தார்.

"இங்கிலீஷ்ல கேக்கணுமேன்னு நேத்தைக்கே எல்லாம் எழுதிப் படிச்சிட்டு வந்தேன்" என்றார்.

ஆனால் வந்த கடமை கடமைதான். நாற்காலியில் உட்கார்ந்து தமிழிலேயே கேட்டார். வந்த நோக்கம் என்ன? "சோறூட்டு" என்றார் அப்பா, இறுகிய முகத்தோடு. போலீஸ்காரர் 'உறவினரைப் பார்க்க' என்று எழுதிக்கொண்டார். யார் யாரைச் சந்தித்தார்? "போற்றிய, பால்காரன, ஊசி போட்ட நர்ஸம்மாவ" என்று உள்ளிருந்தே அம்மா சொன்னாள். இங்கே ஏதாவது வேலை செய்கிறாரா, அதற்கு அனுமதி கிடையாது என்றார் போலீஸ்காரர்.

"அவ எங்க வேல செய்யுகா? எங்க எல்லாருக்கும் வேல தருகா" என்றாள் அம்மா.

எழுதி முடித்துப் பேனாவை மூடியவர் அப்பாவை உற்றுப் பார்த்துச் சிரித்தார்.

"சாருக்கு என்னைத் தெரியல்ல. போலீஸ்ல செலக்ஷன் ஆனப்ப இருப்பிடச் சான்றுக்கு உங்ககிட்டதான் வந்தேன். மணவாளக்குறிச்சியில இருந்து இங்க குடிமாறி வந்திருந்தோம். எழுதித் தரமாட்டேன்னு மூணு மட்டம் நடக்க விட்டிய."

அப்பாவின் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. "ஓடைக்கரை வீடு! நான் வந்தன்னைக்கு அடுப்பு எரியல்ல."

"அம்மைக்குக் காய்ச்சல் சார். நாங்க கடையில இட்லி வாங்கித் தின்னோம்."

"அதை நீ அன்னைக்கே சொல்லியிருக்கணும்லா?"

"சொன்னேன் சார். நீங்க டாக்டர் சீட்டு கேட்டிய."

இருவரும் சிரித்தார்கள். நான் காப்பி போடப் போனேன். அதற்குள் அவர் மகளின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

"மேடம், விசா ஒரு வருஷத்துக்கு இருக்கு. சரி. ஆனா ஒரு தடவை வந்தா ஆறு மாசத்துக்கு மேல தங்கக்கூடாதுன்னு கீழ போட்டிருக்கே, பாக்கலையா? உங்க டிக்கெட் ஜூலையிலன்னு சொன்னீங்க. பிள்ளைக்கு ஜூன் முதல் வாரத்தோட முடியுது. அதுக்குப் பிறகு இருந்தா அனுமதி இல்லாம தங்கியிருக்க வெளிநாட்டவர்னு ஆயிரும். ஏர்போர்ட்ல நிறுத்திருவாங்க. உங்களை விடுவாங்க, பிள்ளைய விடமாட்டாங்க."

காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அம்மாவின் கையில் கட்டுப் பிரிக்க இன்னும் நாள் இருந்தது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எனக்க வீட்டுல இருந்து எனக்க பேத்திய எறக்கி விடுவானா?"

"அதுக்குத்தான் சார் நீட்டிப்புக்கு மனு குடுக்கணும். நாகர்கோவில்ல எஸ்.பி. ஆபீஸ்ல வெளிநாட்டவர் பிரிவு இருக்கு. நீங்க எழுதாத மனுவா?"

அந்த வார்த்தையில் அப்பா அடங்கினார். மனு எழுதுவதில் கல்குளம் தாலுகாவிலேயே தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவர் எண்ணம். அன்று பகல் முழுவதும் மூன்று தாள் கிழித்து நாலாவது தாளில் எழுதி முடித்தார். மறுநாள் காலை வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பினார். நான் பிள்ளைக்கு நல்ல கவுன் ஒன்று போட்டேன். மார்த்தாண்டம் வழியாக வந்த பேருந்தில் நாகர்கோவில் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா பொறுமைசாலி. மனுவை முழுக்கப் படித்தார். பிறகு இன்னொருமுறை படித்தார்.

"சார், யாருக்கு நீட்டிப்பு?"

"பிள்ளைக்குத்தான்."

"இதுல, 'கல்குளம் வட்டம் திருவட்டாறு கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக நிரந்தரமாக வசித்து வரும் குடும்பத்தைச் சேர்ந்த, என் மகள் வயிற்றுப் பேத்தியான மேற்படி குழந்தை, மேற்படி கிராமத்தில் என் பராமரிப்பில் வசித்து வருகிறாள் என்பதை நான் நேரில் அறிவேன்'னு இருக்கு. இதை வச்சு ரேஷன் கார்டு குடுக்கலாம். விசா எப்பிடி நீட்டுறது? பிள்ளை எந்த நாட்டுப் பிரஜைன்னு ஒரு இடத்துலயும் இல்லையே. அதை ஒரு வரி சேர்த்து எழுதிட்டு வாங்க."

நாங்கள் வராந்தாவில் கிடந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். அப்பா பேனாவைத் திறந்தார். 'மேற்படி குழந்தை' என்று எழுதினார். நிறுத்தினார். பேனாவை மூடினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். மறுபடி திறந்தார்.

"நான் எழுதட்டுமா அப்பா?" என்று கேட்டேன்.

"வாண்டாம். மனுதாரர் கையெழுத்துலதான் இருக்கணும்."

பெஞ்சின் மறுமுனையில் வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். நரைத்த தாடி, மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. என் மகள் அவரைக் கண்கொட்டாமல் பார்த்தாள். ஊரில் அவ்வளவு வெள்ளையாக அவள் ஒருவரையும் பார்த்திருக்கவில்லை. அவர் அவளைப் பார்த்து நாக்கைத் துருத்தினார்.

"எத்தனை மாசம் ஆவுகு பிள்ளைக்கு?" என்றார்.

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். "தமிழ் பேசுவேரா?"

"பேசாம பின்ன? நான் முட்டத்துக்காரனாக்கும். வந்து ரெம்ப வருஷம் ஆச்சு."

அப்பாவுக்குள் இருந்த வி.ஏ.ஓ. விழித்துக்கொண்டார். "முட்டத்துல எந்தப் பக்கம்? சொந்த வீடா?"

"வாடகைதான். நமக்கு வீடு வாங்கப் பாடில்லல்லா, சட்டம் விடாது." ஐரோப்பாவில் எங்கோ பிறந்தவராம். இளவயதில் கடலைப் பார்க்க வந்தவர், பிறகு போகவில்லை. போய்ப் போய் வந்தார், அவ்வளவுதான். வருடா வருடம் இதே பெஞ்சில் உட்கார்ந்து தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கிறார். இந்தியக் குடியுரிமைக்கும் எழுதிப் போட்டிருக்கிறாராம், பதில் வரவில்லை.

"வீட்டுல அடுப்பு எரியுகா?" என்றார் அப்பா.

"தெனமும். காலம்பற புட்டும் பயறும். ராத்திரி கஞ்சி, சாளை மீன் பொரிச்சது."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு நன்றாகப் புரிந்தது. இந்த மனிதருக்கு இந்த நிமிஷமே இருப்பிடச் சான்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் முத்திரை கைவிட்டுப் போய்விட்டது. பதிலாக அவருடைய மனுவை வாங்கிப் படித்தார். 'தாழ்மையுடன்' என்பதற்குப் பக்கத்தில் 'பணிவுடன்' என்றும் சேர்த்தால் நல்லது என்றார். தேதியை மேலே போட வேண்டும், கீழே அல்ல என்றார். பெரியவர் எல்லாவற்றையும் கவனமாகத் திருத்திக்கொண்டார். அதற்குள் என் மகள் அவர் மடிக்குத் தாவித் தாடியைப் பிடித்திருந்தாள்.

"உங்க மனு என்னாச்சு சார்?" என்று அவர் கேட்டார்.

"இவ ஆருன்னு ஒரு வரி எழுதணும்."

"எழுதுங்க. நான் இத்தன வருஷமா 'வெளிநாட்டவர், வெளிநாட்டவர்'னு எனக்க கையாலயே எழுதிக் குடுக்கேன். இஞ்ச இருந்து இறங்கி, சந்தையில மீன் வாங்கி, வீட்டுக்குப் போயிருவேன். கறி வைக்கும்போ ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

அப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு தாளைத் தொடையில் வைத்து மடமடவென்று எழுதினார். 'மேற்படி குழந்தை பிறப்பால் நியூசிலாந்து நாட்டுப் பிரஜை ஆவாள்.' முற்றுப்புள்ளி மட்டும் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தமாக விழுந்தது. எழுதிய கையோடு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அந்தப் பெரியவர் பார்த்தார். பார்க்காததுபோல் தாடியை விடுவிக்கும் வேலையில் இறங்கினார்.

உள்ளே இன்னொரு கையெழுத்தும் வேண்டியிருந்தது. தங்கியிருக்கும் காலத்தில் மேற்படி வெளிநாட்டவரின் நடத்தைக்குத் தானே பொறுப்பு என்று வீட்டின் சொந்தக்காரர் உறுதி தர வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டார். அதில் அவருக்கு ஒரு கம்பீரம்கூட வந்துவிட்டதாக எனக்குப் பட்டது. வெளியே வந்ததும் பெரியவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார்.

சில நாட்களில் போலீஸ்காரர் மறுபடி பைக்கில் வந்தார். விமான டிக்கெட் தேதிவரைக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்றார். இன்னும் ஒரு தாளில் கையெழுத்து வேண்டும், நாகர்கோவிலுக்கு வர முடியுமா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா போனார். அங்கே போனதும் ஒரு நகல் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்களாம். எடுத்துக்கொண்டு மறுநாள் போனார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவர், "மூணு மட்டம் ஆச்சு. அவன் கணக்கு நேராயிட்டு" என்றார். கோபமெல்லாம் இல்லை. ஒரு சக உத்தியோகஸ்தரை மதிக்கிற குரல்தான்.

மிச்சமிருந்த நாட்களில் அப்பாவின் பொறுப்புணர்ச்சியை எங்களால் தாங்க முடியவில்லை. பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தாள். பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தினால், "எம்மா, பிடி, பிடி! அவளுக்க நடத்தைக்கு நான் எழுதிக் குடுத்திருக்கேன்" என்று பின்னாலேயே ஓடுவார். அம்மாவின் கட்டுப் போட்ட கையில் கரிக்கட்டையால் கிறுக்கினாள். "கேஸ் ஆயிரும் மக்களே" என்றார் அவளிடம். அவள் கரிக்கட்டையை அவர் வேட்டியில் துடைத்தாள். அவள் முதன்முதலாகத் தெளிவாகச் சொன்ன சொல் 'வாண்டாம்'. அப்பா அதைப் போலீஸ்காரரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

போகும்போது அம்மா ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்து கட்டித் தந்தாள். கட்டுப் பிரித்த கைக்கு அது முதல் வேலை. திருவனந்தபுரத்தில் மகளின் பாஸ்போர்ட்டையும் அனுமதித் தாளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் முத்திரை குத்தினார்கள். கண்ணாடிக்கு அப்பால் அப்பா கழுத்தை நீட்டி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முத்திரை விழுந்ததும் தலையை ஆட்டினார், தாசில்தார் கையெழுத்து வந்துவிட்ட மாதிரி.

ஆக்லாந்தில் இறங்கி வரிசையில் நின்றோம். மேசையில் இருந்த அதிகாரி முதலில் மகளின் கறுப்புப் பாஸ்போர்ட்டைத் திறந்து, படத்தையும் ஆளையும் பார்த்து, குனிந்து அவளிடம், "வீட்டுக்கு வந்தாச்சா? வருக வருக" என்கிற பாவனையில் ஆங்கிலத்தில் கொஞ்சினார். அவள் "வாண்டாம்" என்றாள். அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தை நேராக்கிக்கொண்டு, பெட்டியில் உணவுப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

முந்திரிக்கொத்தை விளக்குவது அவ்வளவு சுலபம் இல்லை. சோதனை மேசையில் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு, பயறு, சர்க்கரை, தேங்காய், அரிசிமாவு, எண்ணெயில் பொரித்தது என்று சொல்லிப் பார்த்தேன். விதை இருக்கிறதா என்றார்கள். பயறு விதைதானே, ஆனால் வறுத்து இடித்த விதை என்றேன். ஒன்றை உடைத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்கள், முகர்ந்தார்கள். கடைசியில் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே என் வீட்டுக்காரர் நின்றார். மகள் அவரைக் கண்டதும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஏழு மாதத்தில் அப்பனை மறந்திருந்தாள். அவர் கையை நீட்டியபடியே நின்றார். பிறகு என்ன தோன்றியதோ, கழுத்துச் சால்வையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு தும்மல் தும்மினார். அவள் எட்டிப் பார்த்தாள். சால்வையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே இருந்த ஆளைப் பார்த்துவிட்டு யோசித்து, அவர் தோளுக்கு மாறினாள்.

காரில் ஏறியதும் ஊருக்குப் போன் போட்டேன். அப்பா எடுத்தார்.

"பிள்ளைக்கு ஒண்ணும் சொல்லல்லியே?"

"இல்லப்பா. நல்லா பேசினாவ. என் பெட்டியத்தான் தொறந்து பாத்தாவ."

"பாக்கட்டும், பாக்கட்டும். நேர்ல பாக்கது நல்லதுதான்" என்றார் அப்பா, திருப்தியாக. போனை அம்மாவிடம் கொடுத்தார். கொத்து உடையாமல் வந்து சேர்ந்ததா என்று அம்மா கேட்டாள். ஒன்றே ஒன்றுதான் உடைந்தது என்றேன். அந்த ஒன்றை அப்போது என் வீட்டுக்காரர் பாதியும் மகள் பாதியுமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். கார் கண்ணாடிக்கு வெளியே நல்ல காற்று.